டேராவும் ஒரு ரப்பர் ஹாரனும்

சொந்தமாக வீடு கட்டி, அதை வாடகைக்கு விட்டுவிட்டு, அதே வீட்டு வாசலில் ஒரு ஓட்டை வேனுக்குள் பெண்டாட்டியோடு குடியிருந்த மனிதரைத் தமிழ்நாட்டில் என்னைத் தவிர யாரும் பார்த்திருக்க முடியாது. பார்த்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வீட்டில் வாடகைக்கு இருந்த அப்பாவியே நான்தான். காலையில் ஜன்னலைத் திறந்தால், வீட்டுக்காரர் வேனின் பின்படியில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு, “இன்னா நைனா, உள்ள காத்து வருதா?” என்று விசாரிப்பார். தெருவில் போகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஒரு கிழவரை அடித்துத் துரத்திவிட்டு வீட்டைப் பிடுங்கிக்கொண்டவன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். ஊருக்கு அவர் ‘டேரா’. அவர் மனைவி ‘டேராம்மா’. மெட்ராஸிலிருந்து கல்கத்தா போகும் பெரிய ரோட்டில் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றுக் கும்மிடிப்பூண்டியில் வீடு கட்டிக் குடிபுகுந்தார். அன்றே வெளியேறினார். காரணம் கேட்டால், “சொவத்துக்குள்ள படுத்தா தூக்கம் வரல நைனா. ஊடு ஆடவே மாட்டேங்குதே!” என்பார். ஆடாமல் இருப்பதற்காகத்தான் மனிதன் அஸ்திவாரம் போடுகிறான் என்பதை அவரிடம் யார் சொல்வது?

அந்த வேன் ஒரு ரொட்டிக் கம்பெனி கழித்துக் கட்டியது. பக்கவாட்டில் ஒரு குழந்தை ரொட்டியைக் கடித்துச் சிரிப்பதுபோலப் படம் வரைந்திருந்தார்கள். டேரா அதைச் சுரண்டி எடுக்க முயன்றதில் குழந்தை போய்விட்டது, ரொட்டி போய்விட்டது, பற்கள் மட்டும் போகவில்லை. வெறும் பல்வரிசை ஒன்று ஊர் ஊராகச் சிரித்துக்கொண்டே போகும். உள்ளே மரப்பலகைகளைச் சேர்த்து ஒரு படுக்கை, ஒரு பம்ப் ஸ்டவ், ஆணியில் தொங்கும் பாத்திரங்கள், ஒரு சாமி படம். வெள்ளைக்காரன் தேசத்தில் இப்படி வண்டிக்குள்ளேயே சமைத்துத் தூங்கி ஊர் சுற்றுகிறானாம். யாரோ ஒரு கிளீனர் எந்தக் காலத்திலோ சொன்னதை டேரா வேதமாகப் பிடித்துக்கொண்டார்.

நான் அப்போது ஓர் இரும்புத் தொழிற்சாலையில் டைம் கீப்பர். எழுபதுகளின் பிற்பகுதி. சவுக்கையையும் முள்ளையும் அழித்துப் புதிது புதிதாக ஷெட் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைத்த அளவுக்கு வீடு கிடைக்காது. ஓர் அறையில் பத்துப் பேர் ஷிப்டு முறையில் தூங்குவார்கள். ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் படுப்பான். அந்த நேரத்தில் எனக்குத் தனி வீடு, அதுவும் குறைந்த வாடகையில் கிடைத்தது என்றால் ஏதோ வில்லங்கம் இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. வீடு கேட்டுப் போன அன்று டேரா என்னைச் சுற்றி ஒரு முறை வந்தார். சந்தையில் மாடு வாங்க வந்தவர் மாதிரி.

“இன்னா வேலை?”

“இரும்பு ஃபேக்டரியில டைம் கீப்பர் சார்.”

‘சார்’ என்றதில் மனிதர் குளிர்ந்துவிட்டார். அதுவரை யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை போலும். ஆனாலும் பிடியை விடவில்லை.

“வேலய யார் கேட்டா? தோள்பட்டை எப்டி கீது?”

“நல்லாத்தான் இருக்கு.”

“ஞாயித்துக்கெயமை ஊர்ல இருப்பியா?”

“இருப்பேன்.”

“தள்ளுவியா?”

அதுதான் வில்லங்கம். வேன் தானாகக் கிளம்பாது. யாராவது தள்ளினால் கிளம்பும். பேட்டரி மாற்றுங்கள் என்றால், “நல்ல வண்டிக்கு எதுக்கு நைனா பேட்டரி?” என்று கோபித்துக்கொள்வார். எனவே வாடகைதாரர் ஞாயிறுதோறும் வண்டியைத் தள்ள வேண்டும். தள்ளிவிட்டால் மட்டும் போதாது, வழியில் நின்றாலும் தள்ள ஒரு ஆள் வேண்டுமே, ஆகவே கூடவே போகவும் வேண்டும். இப்படியாக, ஒரு குடும்பத்தின் கடற்கரைச் சுற்றுலாவுக்கு நான் எஞ்சின் ஆனேன்.

போகிற இடம் கடற்கரையும் பழவேற்காட்டு ஏரிக்கரையும். பார்க்கப் போவது மிருகங்களும் பறவைகளும். அதற்குக் காரணம் டேராம்மா. டேரா லாரி ஓட்டிய காலத்தில் அந்த அம்மாள் வீட்டில் தனியாகக் கிடந்தார். டேரா எப்போதாவது வருவார், தூங்குவார், சாப்பிடும்போது கதை சொல்வார். அங்கே நரி குறுக்கே ஓடியது, இங்கே மயில் வழியை மறித்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய கதை ஏரியில் பார்த்த பூநாரைகளைப் பற்றியது. “வானம் பூரா குங்குமத்த கொட்டுனா மாரி இருக்கும்மே! லாரிய உட்டு வந்தப்பால உனுக்கு காட்றேன்.” கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு. அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அந்த அம்மாள் கட்டிய வீட்டை விட்டு ரொட்டி வண்டியில் ஏறினார்.

ஏறி என்ன பிரயோஜனம்? வேனின் பின்பக்கத்தில் ஜன்னல் கிடையாது. கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள். ரொட்டிக்கு உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு இறங்க வேண்டிய அவசியம் இல்லையே! ஓடும்போது கதவு அடித்துக்கொள்ளும் என்பதால் தாழ்ப்பாள் போட்டே ஆக வேண்டும். டேராம்மா உள்ளே குழம்புச் சட்டியைக் கட்டிப் பிடித்தபடி இருட்டில் உட்கார்ந்திருப்பார். நானும் டேராவும் முன்னால். அவராவது சும்மா ஓட்டுவாரா? அவருடைய முதல் லாரியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த ரப்பர் பந்து ஹாரன் ஒன்று கை எட்டும் இடத்தில் மாட்டியிருந்தது. பித்தளைக் குழாய், முனையில் தேங்காய் அளவு கறுப்புப் பந்து. அமுக்கினால், எருமைக்கு வயிற்றுவலி வந்ததுபோல ஒரு சத்தம்.

எந்தப் பிராணியைக் கண்டாலும் டேராவின் கை அந்தப் பந்தை அமுக்கிவிடும். ‘ப்பாஆஆம்!’

“எதுக்கு சார் ஹாரன்?” என்று முதல் ஞாயிறே கேட்டேன்.

“எதுருல வர்றவனுக்கு ஆரன் அடிக்காம போனா திமிரு புடிச்சவன்னு அர்த்தம் நைனா. லாரிக்காரனுக்கு மருவாதி முக்கியம்.”

“எதிர்ல வந்தது உடும்பு சார்.”

“உடும்புன்னா மருவாதி இல்லியா?”

இதுதான் நடைமுறை. அவர் பிராணியைப் பார்ப்பார். ஹாரன் அடித்து வணக்கம் சொல்வார். பிராணி பிழைத்தால் போதும் என்று ஓடும். “ஏமே, பாரு, பாரு!” என்று டேரா கூவுவார். நான் குதித்து இறங்கி, பின்னால் ஓடி, துருப்பிடித்த தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக் கதவைத் திறப்பேன். டேராம்மா கையில் கரண்டியோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வருவார்.

“எங்கயா?”

“பூடுச்சுமே.”

உடும்பு போயிற்று. கால்வாய்க் கரையில் நரி போயிற்று. ஏரியில் மிதந்துகொண்டிருந்த கூழைக்கடாக்கள் கூட்டமாகப் போயின. அந்த அம்மாள் ‘எங்கயா’ கேட்பதும் இவர் ‘பூடுச்சு’ சொல்வதும் கோயிலில் அர்ச்சனை மாதிரி ஒழுங்காக நடந்துவந்தது. பிராணிகள் போன திசையிலிருந்து குப்பத்துப் பெண்கள்தான் சில்லறையோடு ஓடி வருவார்கள். “பன்னு கீதா? பொறை கீதா?” இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். பல் சிரிக்கிறதே!

என் வீரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். ஒரு நாள் மத்தியானம் சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தி, அவர்கள் இருவரும் கடலைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் வேனுக்குள் கண்ணயர்ந்தேன். விழித்தால், திறந்த கதவில் ஒரு நரி. என் மூஞ்சிக்கும் அதன் மூஞ்சிக்கும் நடுவில் ஒரு கருவாட்டுச் சட்டி மட்டும்தான் இருந்தது. நான் எப்படி அந்தப் பலகைப் படுக்கைக்கு மேலிருந்த பரணில் ஏறினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பரண் ஒரு டிரங்குப் பெட்டி வைக்கவே போதாது. அங்கிருந்தபடி நான் எழுப்பிய ஓலத்தில் அவர்கள் மணலில் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். டேராம்மா எட்டிப் பார்த்து, “ச்சூ! மணி, போடா அந்தாண்ட!” என்றார். அது குப்பத்து நாய். அதற்குப் பெயர்கூட இருந்தது.

“இன்னா தம்பி, நாயப் பாத்தே நாலு முழம் ஏறிட்ட! நெச நரி வந்தா ஆகாசத்துக்கே பூடுவியா?” என்று அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் என் மானம் சவுக்குத் தோப்போடு போயிற்று.

பூநாரைகள் மட்டும் கண்ணில் படவே இல்லை. அவை மழைக்காலத்துக்குப் பிறகு வருகிற பறவைகள் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. லாரியில் போனவர் எந்த மாதத்தில் பார்த்தோம் என்று நினைவு வைத்திருப்பாரா? நாங்கள் சித்திரை வெயிலில் தேடினோம். ஆடிக் காற்றில் தேடினோம். கண்ணில் மண் விழுந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கார்த்திகையில் ஒரு ஞாயிறு. கடற்கரை மணலில் பெரிய ஆமை ஒன்று தென்பட்டது. டேரா வழக்கம்போல ‘ப்பாஆஆம்’ என்றார். ஆமை ஓடவில்லை. மறுபடி அடித்தார். அசையவில்லை. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இதுதான் நைனா மருவாதி தெரிஞ்ச பிராணி! நின்னு வாங்கிக்குது பாரு!” நான் தாழ்ப்பாளைத் திறந்தேன். டேராம்மா இறங்கி, கிட்டே போய், குனிந்து பார்த்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“யோவ், இது செத்து ஒரு வாரம் இருக்கும்யா.”

திரும்பும் வழியெல்லாம் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் இல்லை. பாத்திரங்கள்கூட அமைதியாக வந்தன. வீட்டு வாசலில் இறங்கியதும் டேராம்மா தீர்ப்புச் சொன்னார்.

“பெரியபாளையத்து முட்டைக்காரரு வண்டிய கேட்டுக்கினே கீறாரு. மார்கயி மாசம் முடியறதுக்குள்ள நீ சொன்ன செவப்பு பறவைய நான் என் கண்ணால பாக்கணும். இல்லாங்காட்டி வண்டி முட்டைக்கு. நாம ஊட்டுக்குள்ள.”

டேரா முகம் வெளுத்தது. அவருக்காவது வண்டிதான் போகும். வேன் கதவைப் பிடித்தபடி நின்ற எனக்கு என்ன போகும் தெரியுமா? அந்தத் தை மாதம் எனக்குக் கல்யாணம். பெண் திருவள்ளூர். பெண்ணின் அப்பாவுக்கு என் சம்பளம் பிடிக்கவில்லை, என் மூக்கும் பிடிக்கவில்லை. பிடித்தது ஒன்றே ஒன்று. “மாப்பிள்ளைக்குத் தனி வீடு இருக்காமே. என் பொண்ணு பத்துப் பேரோட குழாயடியில நிக்கக் கூடாது. வீட்டைப் பார்த்துட்டுத்தான் பத்திரிகை அடிப்பேன்” என்று சொல்லியிருந்தார். மார்கழிக் கடைசியில் வருவதாக ஏற்பாடு. அவர் வரும்போது டேராவும் டேராம்மாவும் பாத்திரம் பண்டத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தால்? ஆக, எங்கோ ஏரியில் நிற்கிற ஒரு பறவை சிவப்பாக இருக்குமா இருக்காதா என்பதில் என் கழுத்தில் மாலை விழுவது தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து தொழிற்சாலை வாசலில் கார்டு அடிக்க வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, “உங்க பக்கம் பூநாரை வந்திருக்கா?” என்று விசாரிக்கத் தொடங்கினேன். வரிசை ரோடுவரை நீண்டது. சூப்பர்வைசர் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியாக ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருகிற வெல்டர் ஒருவர் என்மேல் இரக்கப்பட்டார்.

“ஆரம்பாக்கத்துக்கு கெயக்கால, ஏரி ஓரமா மந்தை மந்தையா மேயுது சார். ஆனா ஒண்ணு...”

“என்ன, என்ன?”

“துன்றதுக்கு நல்லா இருக்காது சார்.”

மார்கழியின் கடைசி ஞாயிறு. மறுநாள் மாமனார் வருகிறார். விடியற்காலையில் பனியில் வேனைத் தள்ளக் கை வைத்தேன். டேராம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அது மட்டுமல்ல, அந்த ஹாரனை ஸ்குரூவோடு கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“இன்னிக்கு நான் முன்னால. தம்பி பின்னால. இந்தா தம்பி, இத்த உன் உசுரா நெனச்சு வச்சுக்கோ. அந்தாளு கைக்கு எட்டக் கூடாது.”

“ஆரன் இல்லாம எப்டிமே ஓட்றது?” டேராவின் குரல் கெஞ்சியது.

“வாய் கீதுல்ல? ‘நகரு’ன்னு சொல்லு.”

நான் ரொட்டி ஆனேன். இருட்டு, மண்ணெண்ணெய் நெடி, தலையில் அடிக்கும் அரிசி வடிதட்டு, மடியில் ஹாரன். வண்டி எங்கே போகிறது என்று தெரியாது. தாழ்ப்பாள் வெளியே. இந்த நிலையில் வண்டி ஏரிக்குள் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு யோசனை வந்தது பாருங்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் நான் மூழ்கினேன். முன்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியாக, “தண்ணி வந்துடுச்சா? தண்ணி வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் டேராம்மா ஒரு செம்புத் தண்ணீரை ஓட்டை வழியாக நீட்டினார். தாகம் என்று நினைத்துக்கொண்டாராம்.

ஏரிக்கரையில் வண்டி நின்றது. கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. டேரா உதட்டில் விரல் வைத்து, “உஷ்!” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் சத்தம் போடாமல் இருந்தார்.

தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் பறவைக் கூட்டம். அடேயப்பா, எத்தனை! கரையே நகர்ந்துபோய்த் தண்ணீரில் நிற்கிற மாதிரி. நாங்கள் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் அளவு சேற்றில் இறங்கினோம். முன்னால் டேராம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. பின்னால் டேரா. கடைசியில் நான், மார்போடு ஹாரன். வேனில் வைத்துவிட்டு வந்தால் மனிதர் திரும்பி ஓடி எடுத்தாலும் எடுப்பார் என்று அந்த அம்மாள் அதையும் சுமக்க வைத்திருந்தார். ஒரு பறவையும் மிரளவில்லை. தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. கிட்டே போகப் போக என் மனதில் மேளம் கொட்டியது. பத்திரிகை அச்சாகிவிட்டது, பந்தி போட்டாயிற்று, பாயசம் வந்துகொண்டிருக்கிறது.

டேராம்மா நின்றார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“யோவ், இது வெள்ளையால்ல கீது?”

நானும் பார்த்தேன். ஆமாம், வெள்ளை. உற்றுப் பார்த்தால் லேசாக ஒரு ரோஸ் சாயை. அதுவும் சாயம் போன ரோஸ். துவைத்துக் காயப்போட்ட வேட்டிகள் மாதிரி நின்றன.

“கால் செவப்பா கீது பாருமே,” என்றார் டேரா, சன்னக் குரலில்.

“காலா? மருதாணி வச்சா என் காலும் செவப்புதான்யா.”

“அலகு...”

“வாய மூடு.” அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வானம் பூரா குங்குமம்னு சொன்னியே. தனியா கெடக்கசொல்லோ அத்த நெனச்சிக்கினே படுத்திருப்பேன். ஊருக்கெல்லாம் சொல்லிக்கினேன். பொய்யாயா அது?”

“பொய் இல்லமே. நான் பாத்தேன். லாரில போசொல்லோ பாத்தேன். செவப்புதான்மே. சத்தியமா...”

அவர் குரல் அங்கேயே நின்றுவிட்டது. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தூக்கம் கெட்டு லாரி ஓட்டிய கண் எதையாவது கண்டிருக்குமோ? அத்தனை காலமாகப் பெண்டாட்டிக்குக் கொடுத்துவைத்திருந்த ஒரே ஆஸ்தி வெறும் கொக்காகப் போய்விட்டது. வண்டி போனதைவிட அவருக்கு அதுதான் அடி.

“வா, போலாம். முட்டைக்காரருக்கு ஆள் அனுப்பு,” என்று டேராம்மா திரும்பினார்.

அந்தச் சமயம் பார்த்து என் காலில் பாம்பு சுற்றியது.

சந்தேகமே இல்லை. குளிர்ச்சியாக, வழவழவென்று, கெண்டைக்காலைச் சுற்றி ஒரு சுற்று. நான் அசையாமல் நின்றேன். அசையாமல் நின்றால் பாம்பு போய்விடும் என்று படித்திருக்கிறேன். அது போகவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றியது. மாலை, பத்திரிகை, திருவள்ளூர்ப் பெண், எல்லாம் கண்முன் ஒரு முறை வந்து போயிற்று. கட்டிப் பிடிக்க எனக்கு அந்த இடத்தில் வேறு என்ன இருக்கிறது? ஹாரனைக் கட்டிப் பிடித்தேன். பலமாக. இரண்டு கையாலும்.

ப்பாஆஆஆம்!

ஏரி வெடித்தது.

ஆயிரம் இறக்கைகள் ஒரே நேரத்தில் விரிந்தன. மடித்து வைத்திருந்த அந்த வெள்ளை இறக்கைகளுக்குள் அத்தனை சிவப்பையும் ஒளித்து வைத்திருந்திருக்கின்றன, திருட்டுப் பயல்கள்! செக்கச் செவேலென்று, ஓரத்தில் கறுப்பு மை தீட்டி, தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடி, எழும்பி, தலைக்கு மேலே ஒரு பந்தல் போட்டன. சூரியன் மறைந்து மறைந்து வந்தது. கீழே தண்ணீரும் சிவந்தது. டேராம்மாவின் வெளிர்மஞ்சள் புடவை சிவந்தது. நான் நிறுத்தவில்லை. பாம்பு இன்னும் காலில் இருக்கிறதே! ‘ப்பாம், ப்பாம், ப்பாம்’ என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். மிச்சம் மீதி நின்ற பறவைகளும் எழும்பின.

“ஆரன்மே!” டேரா சேற்றில் குதித்தார். “லாரில போசொல்லோ நான் ஆரன் அடிச்சிக்கினே போவேன்ல! அதான்மே எனுக்கு மட்டும் செவப்பா காட்டிச்சு! நான் சொல்லல? நான் சொல்லல?”

டேராம்மா வாய் திறந்தபடி, கழுத்து வலிக்க, அண்ணாந்து நின்றார். கடைசிப் பறவை வடக்கே ஒரு கோடாகக் கரையும்வரை அப்படியே நின்றார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

“நெசமாத்தான் சொல்லிக்கினு இருந்தியா?” என்றார். அதை ஒரு மன்னிப்பு மாதிரி சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, அந்த ஆரன அந்தாளுகிட்ட குடு. வணக்கம் சொல்லட்டும்.”

“பாம்பும்மா! கால்ல பாம்பு!”

அவர் குனிந்து பார்த்தார். என் வேட்டியின் முனை அவிழ்ந்து, நனைந்து, காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து உதறி என் கையில் கொடுத்தார். “இந்தா, உன் பாம்பு. இடுப்புல செருவிக்கோ.”

டேரா ஹாரனை வாங்கி, பறவை ஒன்றுகூட இல்லாத வானத்தைப் பார்த்து, மரியாதையாக ஒரு முறை அடித்தார். அன்று வேனைச் சேற்றிலிருந்து தள்ளி ஏற்றியதில் என் முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் எனக்கு அது பாயசமாக இனித்தது.

மறுநாள் காலை, மறுபடி வண்டி கேட்டு வந்த முட்டைக்காரரையும் மாமனாரையும் ஒரே வண்டிதான் வாசலில் வரவேற்றது. முட்டைக்காரரிடம் டேராம்மா, “முட்டைக்கு வேற வண்டி பாருப்பா, இது ஊடு” என்று சொல்லிவிட்டார். மாமனாருக்கு டேரா ஹாரன் அடித்தார். அவர் பக்கத்து வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்.

“யார் இவங்க?” என்றார் என்னிடம், மெதுவாக.

“ஹவுஸ் ஓனர்.”

“ஓனர் வெளியில, நீங்க உள்ளயா?” மாமனார் என்னை முதல் தடவையாக மதிப்போடு பார்த்தார். “மாப்பிள்ளை ரொம்பக் கெட்டிக்காரர்தான்!” பத்திரிகை அடிக்க அன்றே கொடுத்துவிட்டார்.

கல்யாணமாகி நாங்கள் வீட்டுக்குள்ளும் அவர்கள் வாசலிலுமாகச் சில காலம் இருந்தோம். பிறகு ஒரு நாள் வடக்கே ஏதோ ஓர் ஏரியில் இதைவிட அதிகமாகப் பறவை வருகிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பிவிட்டார்கள். கடைசியாக ஒரு முறை தள்ளினேன். வண்டி திரும்பும்போது அந்தப் பல்வரிசை என்னைப் பார்த்துச் சிரித்தது. வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் ரொம்ப நாள் இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவ என் மனைவி எத்தனையோ முறை சொல்லியும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

பைத்தியக்காரத் தம்பதிதான், சந்தேகம் என்ன? ஆனால் இன்றைக்கும், மழை நின்ற சாயங்காலத்தில் வானம் சிவந்துவிட்டாலோ, என் மகள் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்து நின்றாலோ, என் வலது கை தன் பாட்டுக்குக் காற்றில் ஒரு ரப்பர் பந்தைத் தேடிப் பிடித்து மெல்ல அமுக்குகிறது. கையில் ஏதோ நரம்புக் கோளாறு என்று என் மனைவி டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அது வணக்கம் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.